எந்தக் கவுண்டி, எந்த ஆண்டு? அமெரிக்கக் கொடிவழியைத் தேடும் முறை

அமெரிக்காவில் பிறப்பு இறப்புகளை நாடு முழுவதற்குமாகப் பதிந்து வைத்திருக்கும் அலுவலகம் என்று ஒன்று கிடையாது. வாஷிங்டனுக்கு ஒரு கடிதம் போட்டால் கொள்ளுத்தாத்தாவின் பிறப்புச் சான்று வந்து சேரும் என்று நம்பித் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே சோர்ந்துபோகிறார்கள். சான்றுகள் அந்தந்த மாநிலத்திடம் இருக்கின்றன. மாநிலம் பதிவைத் தொடங்குவதற்கு முந்தையவை, இருந்தால், கவுண்டியிடம் இருக்கும். ஆகவே ஒரு மனிதரைத் தேடப் புறப்படும்போது பெயர் மட்டும் கையில் இருந்தால் போதாது. அவர் எந்த ஆண்டில் எந்தக் கவுண்டியில் இருந்தார் என்பதுதான் முதல் கேள்வி. தேடல் முழுவதும் இந்தக் கேள்வியையே ஒவ்வொரு தலைமுறைக்கும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

மருமகளோ மருமகனோ அமெரிக்கராக அமைந்த தமிழ்க் குடும்பங்கள் இன்று பல உண்டு. பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னால் பேரப்பிள்ளைக்கு நம் பக்கத்துக் கிளையை நாம் சொல்லிவிடுகிறோம். மறுபக்கத்துக் கிளை பெரும்பாலும் ஒரு தாத்தா பாட்டியோடு நின்றுவிடுகிறது. அந்தக் கிளையும் அந்தக் குழந்தையுடையதுதான். அதை எப்படித் தேடுவது என்பதற்காகவே இந்த அத்தியாயம்.

கவுண்டி என்பது நம் மாவட்டத்துக்கும் தாலுகாவுக்கும் இடைப்பட்ட ஓர் ஆட்சிப் பிரிவு. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலைநகரிலும் ஒரு கோர்ட் ஹவுஸ் உண்டு. திருமண உரிமங்கள், உயில்கள், நிலப் பத்திரங்கள், வழக்குக் கட்டுகள், வரிப் பட்டியல்கள் எல்லாம் அங்கே சேர்ந்திருக்கும். லூயிசியானாவில் கவுண்டிக்குப் பதில் பாரிஷ் என்பார்கள். மாசசூசெட்ஸ், கனெக்டிகட் போன்ற வடகிழக்கு மாநிலங்களில் ஊர் எழுத்தரிடமே பழைய பதிவேடுகள் இருக்கும். மாசசூசெட்ஸ் 1841இலேயே மாநிலப் பதிவைத் தொடங்கிவிட்டது. தென் மாநிலங்கள் பலவற்றில் இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான் அது வந்தது. ஜார்ஜியாவின் கிராமம் ஒன்றில் 1890இல் பிறந்தவருக்கு மாநிலப் பிறப்புச் சான்று இருக்காது. இல்லாத தாளைத் தேடி மாதங்களைச் செலவிடாமல், அந்தப் பிறப்பை வேறு எந்தத் தாள் சொல்லும் என்று யோசிக்க வேண்டும்.

கவுண்டியின் எல்லை ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. குடியேற்றம் மேற்கே நகர நகர, பெரிய கவுண்டிகளை வெட்டிப் புதியவற்றை உண்டாக்கிக்கொண்டே போனார்கள். ஒரே பண்ணை வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பத்தின் தாள்கள் மூன்று கோர்ட் ஹவுஸ்களில் சிதறிக் கிடக்கலாம். மேற்கு விர்ஜீனியா 1863இல்தான் தனி மாநிலமானது. அதற்கு முன் அது விர்ஜீனியா. மேய்ன் 1820 வரை மாசசூசெட்ஸின் பகுதி. நிகழ்வு நடந்த ஆண்டின் வரைபடத்தை வைத்துக்கொண்டுதான் தேட வேண்டும், இன்றைய வரைபடத்தை வைத்து அல்ல. உள்நாட்டுப் போரிலும் அதற்குப் பின்னும் கோர்ட் ஹவுஸ்கள் பல எரிந்துபோயின. எரிந்த கவுண்டி என்று கேட்டதும் கைவிட்டுவிடாதீர்கள். நிலம் வைத்திருந்தவர்கள் வீட்டிலிருந்த மூலப் பத்திரங்களைக் கொண்டுவந்து மறுபடி பதிந்துகொண்டது வழக்கம். தீ பிடித்த ஆண்டுக்கு அடுத்த சில ஆண்டுகளின் பத்திரப் புத்தகங்களில் அதற்கு முந்தைய ஆவணங்கள் அகப்படும்.

நம் கண்ணுக்கு இடறும் இரண்டு விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். 4/7/1912 என்றால் ஏப்ரல் 7. நாம் ஜூலை 4 என்று படித்து, அதையே மரத்தில் ஏற்றி, பிறகு எந்த ஆவணமும் பொருந்தாமல் தவிப்போம். தேதிகளை எப்போதும் மாதப் பெயரோடு எழுதிவைப்பது நல்லது. இரண்டாவது, பழைய ஆவணங்களில் ஜான் ஸ்மித் சீனியர், ஜான் ஸ்மித் ஜூனியர் என்று இருந்தால் உடனே தகப்பன் மகன் என்று எழுதிவிடாதீர்கள். ஓர் ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் மூத்தவரைச் சீனியர் என்றும் இளையவரை ஜூனியர் என்றும் குறித்தார்கள். அவர்கள் சித்தப்பனும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், உறவே இல்லாதவர்களாகவும் இருக்கலாம்.

வீட்டில் இருப்பவை

தொடக்கம் எப்போதும் உயிரோடு இருப்பவர்களிடமிருந்துதான். சம்பந்தி வீட்டுப் பெரியவர்களிடம் நேரடியாக வம்சாவளி கேட்டால் நாலு பெயர் சொல்லி நிறுத்திவிடுவார்கள். பழைய புகைப்பட ஆல்பத்தை முன்னால் வைத்துக்கொண்டு கேளுங்கள். இந்த வீடு எந்த ஊர், இந்தப் பெண் யார், இவர் எந்தச் சர்ச்சுக்குப் போனார், எங்கே அடக்கம் செய்தார்கள் என்று இடத்தைச் சுற்றிக் கேட்டால் தகவல் வரும். பெண்களின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரைத் தவறாமல் கேட்க வேண்டும். மணமானதும் பெயர் மாறிவிடுவதால், அதைத் தொலைத்தால் ஒரு முழுக் கிளையே தொலைந்துபோகும்.

பல வீடுகளில் குடும்ப பைபிள் இருக்கும். அதன் நடுப் பக்கங்களில் பிறப்பு, திருமணம், இறப்பு எழுதியிருப்பார்கள். எழுதியதை மட்டும் நகலெடுக்காமல் அந்த பைபிள் அச்சான ஆண்டு எது என்று முகப்புத் தாளையும் பாருங்கள். 1880இல் அச்சான புத்தகத்தில் 1840இன் பிறப்புகள் ஒரே மையில் ஒரே கையெழுத்தில் வரிசையாக இருந்தால், அவை யாரோ நினைவிலிருந்து எழுதியவை. அவற்றைத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் அன்றே எழுதிய குறிப்புக்குக் கொடுக்கும் நம்பிக்கையை அவற்றுக்குக் கொடுக்கக் கூடாது.

அடுத்து, இறப்பிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். இறப்புச் சான்றில் பெற்றோர் பெயரும் பிறந்த இடமும் இருக்கும். அந்த விவரங்களைச் சொன்னவர் இறந்தவர் அல்லவே. துக்கத்தில் நின்ற மகளோ மருமகனோ சொன்னவை. தகவல் தந்தவர் பெயர் சான்றிலேயே இருக்கும். இறந்த நாள், இடம் ஆகியவற்றில் அவரை நம்பலாம். அறுபது ஆண்டுக்கு முன் இன்னொரு மாநிலத்தில் நடந்த பிறப்பைப் பற்றி அவர் சொன்னதை வேறு சாட்சி கொண்டு சரிபார்க்க வேண்டும். உள்ளூர்ப் பத்திரிகையின் மரண அறிவிப்பு இதைவிடப் பயன் தரும். மகள்களைக் கணவர் பெயரோடும் அவர்கள் வாழும் ஊரோடும் அதில் வரிசையாகச் சொல்லியிருப்பார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பழைய பத்திரிகைகளின் பக்கங்களைக் குரோனிக்ளிங் அமெரிக்கா என்ற தொகுப்பில் இலவசமாக வைத்திருக்கிறது.

1936 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்பு எண் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்கான எஸ்.எஸ்.-5 விண்ணப்பத்தில் தன் பிறப்பையும் தகப்பன் பெயரையும் தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் விண்ணப்பித்தவரே சொல்லியிருப்பார். இறந்தவரின் விண்ணப்பத்துக்குக் கட்டணம் செலுத்தி நகல் பெறலாம். தன் தாயின் பெயரை ஒருவர் தானே சொன்ன தாள் என்பதால் எனக்கு இதன் மேல் தனி மதிப்பு உண்டு.

பத்தாண்டுக்கு ஒரு முறை கதவைத் தட்டியவர்கள்

அமெரிக்கக் கொடிவழித் தேடலின் முதுகெலும்பு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1790 முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை தவறாமல் நடக்கிறது. ஆட்களின் பெயரோடு கூடிய தாள்களை 72 ஆண்டு மூடிவைத்து, பிறகு எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். 1950ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரல் 1 அன்று வெளிவந்தன. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் அவற்றை இலவசமாகப் பார்க்கலாம்.

1950இலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னால் போங்கள்; தாவாதீர்கள். 1940இன் தாளில், கேள்விகளுக்குப் பதில் சொன்னவர் பெயருக்குப் பக்கத்தில் வட்டமிட்ட பெருக்கல் குறி இருக்கும். சொன்னது மனைவியா, குடியிருந்தவரா என்று தெரிந்தால் எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். 1935இல் எங்கே இருந்தீர்கள் என்றும் அதில் கேட்டிருக்கிறார்கள். பொருளாதார மந்தத்தில் ஊர்விட்டு ஊர் போன குடும்பங்களைப் பிடிக்க இந்தப் பத்தி பெரிய உதவி. 1900இன் தாள் எனக்கு மிகப் பிடித்தது. பிறந்த மாதமும் ஆண்டும் அதில் உண்டு. திருமணமாகி எத்தனை ஆண்டு, வெளிநாட்டவர் என்றால் வந்த ஆண்டு எது, குடியுரிமை பெற்றாரா என்பதும் உண்டு. ஒவ்வொரு தாயிடமும் எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒன்பது, நான்கு என்று இரண்டு எண்கள் அடுத்தடுத்து நிற்கும். பெயர் தெரியாத அந்த ஐந்து பேரைத் தேடிக் கல்லறைப் பதிவுகளுக்கும் சர்ச் பதிவேடுகளுக்கும் போக வேண்டும் என்று அந்த எண்களே நமக்குச் சொல்லிவிடுகின்றன.

1880இல்தான் குடும்பத் தலைவருக்கு இவர் என்ன உறவு என்ற பத்தி முதன்முதலாக வந்தது. 1850, 1860, 1870 தாள்களில் சுதந்திர மக்கள் அனைவரின் பெயரும் உண்டு, உறவு கிடையாது. நாற்பது வயது ஆணுக்குக் கீழே முப்பத்தைந்து வயதுப் பெண் இருந்தால் மனைவி என்று கை தானாக எழுதிவிடும். அவள் விதவையான தங்கையாகவும் இருந்திருக்கலாம். 1840க்கும் அதற்கு முன்னும் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே. மற்றவர்கள் வயதுப் பிரிவுக் கட்டங்களில் வெறும் எண்ணிக்கை. அந்தக் காலத்துக்கு உயில்களும் நிலப் பத்திரங்களும்தான் கதி.

1890இல் ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. ஆறு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை எண்ணிய அந்தத் தாள்கள், 1921 ஜனவரி 10 அன்று வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டிடத்தில் பிடித்த தீயில் ஒரு பகுதி எரிந்தும் ஒரு பகுதி தண்ணீரில் ஊறியும் போயின. மீதியைச் சில ஆண்டுகள் கழித்து அரசே அனுமதி பெற்று அழித்துவிட்டது. இன்று சுமார் 6,000 பேரின் விவரம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. 1881இல் பிறந்த ஒரு பெண் 1880 தாளில் இருக்க மாட்டாள். 1900க்குள் மணமாகி வேறு பெயரில் வேறு வீட்டில் இருப்பாள். பெற்றோரோடு அவள் நிற்கும் கணக்கெடுப்புத் தாள் ஒன்றுகூடக் கிடைக்காது. இந்தப் பள்ளத்தைத் தாண்ட மாநிலங்கள் தாமே எடுத்த கணக்கெடுப்புகள் உண்டு: நியூயார்க்கில் 1892, கான்சஸிலும் அயோவாவிலும் 1885, 1895. நகரங்களில் ஆண்டுதோறும் அச்சான முகவரிப் புத்தகங்கள் உண்டு. உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தவர்கள், அவர்களின் விதவைகள் ஆகியோரைப் பற்றிய 1890இன் தனிப் பட்டியலில் ஒரு பகுதி தப்பியிருக்கிறது.

கணக்கெடுப்புத் தாளைத் திறந்தால் உங்கள் குடும்பத்தின் வரிகளை மட்டும் நகலெடுத்துக்கொண்டு மூடிவிடாதீர்கள். முன்னால் இரண்டு பக்கம், பின்னால் இரண்டு பக்கம் படியுங்கள். நாலு வீடு தள்ளி மாமனார் இருப்பார். குடும்பங்கள் கூட்டமாகத்தான் இடம்பெயர்ந்தன. வட கரோலைனாவில் அடுத்தடுத்து இருந்த குடும்பங்கள் இருபது ஆண்டு கழித்து மிசௌரியிலும் அடுத்தடுத்தே நிற்கும். உங்கள் ஆளின் தடம் மறைந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் பல நேரம் இவரும் அங்கே இருப்பார்.

ஆன்னி மூர் யார்?

பெயர் ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒன்றே என்று முடிவுகட்டுவது இந்தத் துறையின் தலையாய ஆபத்து. அதற்கு ஆன்னி மூரின் கதையைவிடச் சிறந்த பாடம் இல்லை.

1892 ஜனவரி 1 அன்று நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டது. நெவாடா என்ற கப்பலில் அயர்லாந்தின் கார்க் பகுதியிலிருந்து இரண்டு தம்பிகளோடு வந்த ஆன்னி மூர் என்ற இளம்பெண்தான் அங்கே பதிவான முதல் ஆள். பத்து டாலர் தங்க நாணயம் ஒன்றை அவளுக்குப் பரிசளித்தார்கள். பிற்காலத்தில் அவளுக்குச் சிலை வைத்தார்கள். அந்த ஆன்னி மேற்கே போய், டெக்சஸில் வாழ்ந்து, 1923இல் டிராம் வண்டி மோதி இறந்தாள் என்று பல ஆண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். டெக்சஸ் ஆன்னியின் வாரிசுகள் விழாக்களுக்கு அழைக்கப்பட்டார்கள். அந்தக் குடும்பத்தில் யாரும் பொய் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கேட்டதைச் சொன்னார்கள்.

கொடிவழி ஆய்வாளர் மேகன் ஸ்மோலெனியாக் ஆவணங்களைப் பார்த்தபோது டெக்சஸ் ஆன்னி இல்லினாயில் பிறந்தவள் என்று தெரிந்தது. அமெரிக்காவிலேயே பிறந்தவள் எப்படி அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்திருக்க முடியும்? உண்மையான ஆன்னியைக் கண்டுபிடிக்க 2006இல் ஆயிரம் டாலர் பரிசு அறிவித்தார். நியூயார்க் நகர ஆவணத் துறையின் உதவியோடு விடை கிடைத்தது, அதுவும் ஆன்னியின் பெயரில் இருந்த ஒரு தாளிலிருந்து அல்ல. கூட வந்த தம்பி ஃபிலிப்பின் குடியுரிமைச் சான்று கிடைத்தது. அவருடைய குடும்பத்தைத் தொடர்ந்து போனதில் வாரிசுகள் கிடைத்தார்கள். ஆன்னி எங்கேயும் போகவில்லை. இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே, மன்ஹாட்டனின் ஏழைகள் நிறைந்த லோயர் ஈஸ்ட் சைடில் வாழ்ந்திருக்கிறாள். ஜெர்மானிய வழிவந்த ஷையர் என்பவரை மணந்து, பிள்ளைகள் பலரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்து, 1924இல் இறந்திருக்கிறாள். குவீன்ஸில் உள்ள கால்வரி கல்லறையில் பெயர்க்கல் இல்லாமல் கிடந்த அவள் குழிக்கு 2008இல்தான் கல் நட்டார்கள்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறை என்னவென்றால், இரண்டு தாள்களில் இருப்பவர் ஒரே ஆள் என்று சொல்லப் பெயரோடு இன்னும் இரண்டு மூன்று பொருத்தங்கள் வேண்டும்: பிறந்த ஆண்டு, இடம், தொழில், கணவன் அல்லது மனைவி பெயர், உடன்பிறந்தவர்கள். நேர்க்கோட்டு மூதாதையரின் தாள் கிடைக்காவிட்டால் அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளின் தாளைத் தேடுங்கள். பெற்றோர் எல்லோருக்கும் ஒன்றுதானே.

கப்பலும் குடியுரிமையும்

எல்லிஸ் தீவில் அதிகாரிகள் எங்கள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பல அமெரிக்கக் குடும்பங்கள் சொல்லும். அப்படி நடப்பதற்கு வழியில்லை. பயணியர் பட்டியல் கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில், கப்பல் நிறுவன எழுத்தர்களால் தயாரானது; தீவின் அதிகாரிகள் அதை வைத்துப் பெயரைச் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றியவர்கள் பெரும்பாலும் குடியேறியவர்களே, வேலைக்காகவும் பிள்ளைகளின் பள்ளிக்காகவும், வந்து சில ஆண்டுகளுக்குப் பின். எனவே கப்பல் பட்டியலில் பழைய நாட்டின் பெயரையும் எழுத்துக்கூட்டலையும் கொண்டு தேட வேண்டும். 1907 வாக்கிலிருந்து வரும் பட்டியல்களில் சொந்த ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் இருக்கும். போலந்திலோ சிசிலியிலோ எந்தக் கிராமம் என்பதை வேறெந்த அமெரிக்கத் தாளும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

குடியுரிமைத் தாள்களுக்கு 1906 செப்டம்பர் 27 ஓர் எல்லைக்கோடு. அதற்கு முன் எந்த நீதிமன்றத்திலும் குடியுரிமை பெறலாம். தாளில் விவரம் சொற்பமாக இருக்கும். அதற்குப் பின் ஒரே படிவம், பிறந்த ஊர், வந்த கப்பல், மனைவி மக்கள் பெயர் எல்லாம் உண்டு. ஒரு பிரதி மத்திய அரசிடமும் இருக்கும். பெண்களைத் தனியாகத் தேடி ஏமாறாதீர்கள். 1922 வரை மணமான பெண்ணுக்குக் கணவனின் குடியுரிமையே வந்தது. 1907 முதல் 1922 வரை வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையையே இழந்தாள். இந்தியர்கள் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946 சட்டம் வரும்வரை அந்தக் கதவு மூடியே இருந்தது. உங்கள் சம்பந்தி குடும்பத்தில் அந்தக் காலத்து இந்திய மாலுமியோ மாணவரோ இருந்ததாகப் பேச்சு இருந்தால், குடியுரிமைத் தாள் இல்லாததை வைத்து அவர் இல்லவே இல்லை என்று முடிவுசெய்ய வேண்டாம். 1917, 1918இல் நாட்டில் இருந்த சுமார் இரண்டு கோடியே நாற்பது லட்சம் ஆண்கள் முதல் உலகப் போர் ஆட்சேர்ப்புக்காகப் பதிந்துகொண்டார்கள். குடியுரிமை இல்லாதவர்களும் அதில் உண்டு; அவரை அங்கே தேடிப் பாருங்கள்.

ராணுவப் பணி ஆவணங்களைப் பொறுத்தவரை 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸில் நடந்த தீ பெரும் இழப்பு. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் எண்பது விழுக்காடு போய்விட்டன. வீரர்கள் பலர் ஊர் திரும்பியதும் தங்கள் விடுவிப்புத் தாளைக் கவுண்டி கோர்ட் ஹவுஸில் பதிந்து வைத்தார்கள். அங்கே கேட்டுப் பாருங்கள்.

1870 என்னும் சுவர்

கறுப்பினக் குடும்பங்களின் கொடிவழியைத் தேடுகிறவர்கள் 1870இல் வந்து நிற்பார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களைப் பெயரோடு எழுதிய முதல் நாடு தழுவிய கணக்கெடுப்பு அதுதான். அதற்கு முந்தைய 1850, 1860ஆம் ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அவருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும் வரிசை வரிசையாக இருக்கும். 1860இல் ஏறக்குறைய நாற்பது லட்சம் பேர் அப்படி எழுதப்பட்டார்கள். பெயர் எழுத அங்கே பத்தியே இல்லை. இந்தத் தாளைப் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து திறக்கப்போகிறீர்கள் என்றால், முன்னரே அவர்களிடம் பேசிவிடுங்கள். அது வெறும் தகவலாக மனத்தில் இறங்காது.

முதலில் 1850, 1860இன் சுதந்திர மக்கள் தாள்களைப் பார்த்துவிட வேண்டும். கறுப்பினத்தவரில் பத்தில் ஒருவருக்கு மேல் அப்போதே சுதந்திரமானவர்கள். அங்கே இல்லையென்றால், 1870இன் குடும்பத்தை அக்கம்பக்கத்தோடு முழுமையாக எழுதிக்கொண்டு, 1865க்கும் 1870க்கும் இடையே தோன்றிய ஆவணங்களுக்குப் போங்கள். ஃப்ரீட்மன்ஸ் பீரோ என்ற அரசு அமைப்பு 1865 முதல் 1872 வரை இயங்கியது. அதன் தொழில் ஒப்பந்தங்கள், உணவுப் பட்டியல்கள், திருமணப் பதிவுகள் இருக்கின்றன. 1865இல் தொடங்கி 1874இல் மூடிய ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கியில் கணக்குத் தொடங்கியவர்களிடம் பெற்றோர், உடன்பிறந்தார் பெயர்களைக் கேட்டு எழுதினார்கள். விற்கப்பட்டுப் பிரிந்துபோன அண்ணன் எந்த மாநிலத்தில் இருக்கிறான் என்றுகூடச் சில பதிவுகளில் வரும். கறுப்பினப் பத்திரிகைகளில், என் தாயைக் கண்டவர் உண்டா என்று கேட்டு மக்கள் பல ஆண்டுகள் விளம்பரம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அந்த விளம்பரங்களும் கொடிவழி ஆவணங்களே.

இவற்றுக்கும் முன்னால் போக வேண்டுமானால், மனம் ஒப்பினாலும் ஒப்பாவிட்டாலும், உடைமையாளரின் குடும்பத்தைத் தேட வேண்டும். சட்டத்தின் கண்ணில் மனிதர்கள் சொத்தாக இருந்ததால், அவர்களின் பெயர்கள் உயில்களிலும் சொத்துப் பட்டியல்களிலும் அடமானப் பத்திரங்களிலும் இருக்கின்றன. மிஷெல் ஒபாமாவின் முன்னோரை இப்படித்தான் கண்டார்கள். அந்தத் தேடலைச் செய்தவரும் ஆன்னி மூரைக் கண்டுபிடித்த ஸ்மோலெனியாக்தான். தென் கரோலைனாவின் டேவிட் பாட்டர்சன் 1850இல் எழுதிய உயிலில் மிஷெலின் மூதாதையான மெல்வினியா என்ற ஆறு வயதுச் சிறுமி ஒரு சொத்தாக வருகிறாள். அவர் இறந்த பின் எடுத்த சொத்துக் கணக்கில் அவளுக்கு 475 டாலர் மதிப்புப் போட்டார்கள். அங்கிருந்து ஜார்ஜியாவுக்குப் போனாள். 1870 கணக்கெடுப்பில் பிள்ளைகளோடு, சுதந்திரப் பெண்ணாக, பெயரோடு இருக்கிறாள். 1938இல் அவள் இறந்தபோது எழுதிய சான்றில் பெற்றோர் பெயர் என்ற இடத்தில் தெரியாது என்று இருக்கிறது.

விடுதலையானவர்கள் கடைசி உடைமையாளரின் குடும்பப் பெயரையே எடுத்தார்கள் என்று எண்ணித் தேடலைக் குறுக்கிவிடாதீர்கள். முந்தைய ஒருவரின் பெயர், தகப்பனின் பெயர், தாமே தேர்ந்த பெயர் எனப் பலவிதமாக நடந்திருக்கிறது. 1870இல் பக்கத்தில் இருக்கும் செல்வந்த வெள்ளைக் குடும்பங்களின் உயில்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, உங்கள் குடும்பத்தின் முதல் பெயர்கள் ஒரு கூட்டமாக, வயதுப் பொருத்தத்தோடு வருகின்றனவா என்று ஒப்பிட வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. அமெரிக்கக் கொடிவழித் தேடலில் இதைவிட அவசியமான வேலை இல்லை என்றும் நான் நினைக்கிறேன்.

பழங்குடி மூதாதையர் பற்றிய குடும்பக் கதைகளுக்கும் ஆவணம் உண்டு. செரோக்கி உள்ளிட்ட ஐந்து இனங்களுக்கு 1898 முதல் 1914 வரை தயாரித்த டாஸ் பட்டியல்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்த இனத்தில் யார் உறுப்பினர் என்பதை அந்த இனமே முடிவுசெய்யும், டி.என்.ஏ. சோதனை முடிவுசெய்யாது.

எச்சிலைக் குழாயில் அனுப்புவதற்கு முன்

டி.என்.ஏ. சோதனை நிறுவனங்கள் காட்டும் நாட்டுவாரி விழுக்காடுகள் கொடிவழிக்கு அதிகம் பயன்படாது. பயன்படுவது, அதே நிறுவனத்தில் சோதித்த உறவினர்களின் பட்டியல். அதுவும் தாள்களோடு சேர்ந்தால்தான். வீட்டில் மிக மூத்தவரைச் சோதிப்பது நல்லது. ஒவ்வொரு தலைமுறையிலும் மூதாதையரின் பங்கு பாதியாகக் குறைகிறது. கொள்ளுத்தாத்தாவின் பெற்றோர் வழியில் வரும் மூன்றாம் தலைமுறை உறவினர்களில் பத்தில் ஒருவரிடம் பொருத்தமே தெரியாமல் போகலாம். அதனால் உறவு இல்லை என்று ஆகாது.

குடும்பத்துக்கே தெரியாத தத்தெடுப்புகளும் வேறு தகப்பன்மார்களும் இதில் வெளிவரும். சோதிப்பவருக்கு இதை முன்னரே சொல்லி, அவர் மனதாரச் சம்மதித்தால் மட்டும் செய்யுங்கள். சம்பந்தி வீட்டாரிடம் ஆசையாகச் சோதனைப் பெட்டியை நீட்டுவது எளிது. வரும் விடையோடு வாழப்போவது அவர்கள். 2018இல் கலிபோர்னியக் காவல்துறை பழைய கொலைகாரன் ஒருவனை இப்படியொரு பொதுத் தரவுத்தளத்தின் வழியே பிடித்தது. 2025 மார்ச்சில் பெரிய சோதனை நிறுவனமான 23அண்ட்மீ திவால் மனு கொடுத்தது. கொடுத்த தரவு யார் கைக்குப் போகும் என்ற கேள்வி கற்பனையானது அல்ல.

எழுதி வைக்கும் முறை

பிந்தைநாள் புனிதர்களின் சபை சால்ட் லேக் சிட்டியிலிருந்து நடத்தும் ஃபேமிலிசர்ச் தளம் இலவசம். அந்தச் சபையின் கொடிவழிச் சங்கம் 1894இல் தொடங்கியது. உலகின் மிகப் பெரிய கொடிவழித் தொகுப்புகளில் ஒன்று இந்தத் தளம். சில பக்கங்களை மட்டும் சபையின் மையங்களிலோ இணைந்த நூலகங்களிலோ போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். ஆன்செஸ்ட்ரி கட்டணத் தளம். ஆனாலும் பல ஊர்களின் பொது நூலகத்தில் அதைச் செலவில்லாமல் பயன்படுத்தலாம். பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது அருகிலுள்ள நூலகத்தில் கேளுங்கள். இந்தத் தளங்களில் மற்றவர்கள் போட்டிருக்கும் மரங்களைத் துப்பாக எடுத்துக்கொள்ளலாம், சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் செய்த பிழையை நூறு பேர் நகலெடுத்தால் அது நூறு சாட்சி ஆகிவிடாது.

ஒவ்வொரு தகவலுக்குப் பக்கத்திலும் அது எந்தத் தாள், எந்தப் பக்கம், எங்கே பார்த்தது, தகவல் சொன்னவர் யார் என்று எழுதுங்கள். தேடிக் கிடைக்காதவற்றையும் எழுதுங்கள். இல்லையென்றால் அதே கவுண்டியை அடுத்த ஆண்டும் தேடுவீர்கள். இரண்டு தாள்கள் முரண்பட்டால் ஒன்றை மறைக்காமல் இரண்டையும் வைத்து, ஏன் ஒன்றை நம்புகிறீர்கள் என்று நாலு வரியில் காரணம் எழுதிவையுங்கள். உயிரோடு இருப்பவர்களின் விவரங்களைப் பொது மரத்தில் ஏற்றாதீர்கள்.

1960ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் தாள்கள் 2032 ஏப்ரலில் திறக்கும். முகவரி தெரிந்தவர்கள் பெயர் அட்டவணைக்காகக் காத்திருக்காமல் அந்தந்தப் பகுதியின் தாள்களுக்கு நேராகப் போய்விடலாம். 1960 ஏப்ரல் 1 அன்று தாங்கள் எந்தத் தெருவில், எந்த எண் வீட்டில் இருந்தோம் என்று சொல்லக்கூடிய சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது அதைக் கேட்டு, ஊர், கவுண்டி, மாநிலம், அன்று அந்த வீட்டில் இருந்த அத்தனை பேரின் பெயர் எல்லாவற்றையும் எழுதி, கேட்ட தேதியையும் போட்டு வைத்துவிடுங்கள்.